கொடியில் பாதி

படப்பை மாடி அறையில் கிறிஸ்துமஸ் மரம் வைக்க இடமில்லை. ஷிப்ட் முடிந்து வந்த ஜெபராணி, யூனிபார்மைக்கூட மாற்றாமல் ஜன்னல் கம்பிகளில் சிவப்பு உருண்டைகளைக் கட்டுகிறாள். கம்பெனியில் வயர்களைச் சேர்த்துக் கட்டும் அதே மாதிரி பிளாஸ்டிக் டை. ஒவ்வொன்றும் டிர்ரென்று இறுகுகிறது. மாலை வெயில் உருண்டைகளில் பட்டு, கேஸ் சிலிண்டர் மேல் சிவப்பாக அசைகிறது. லைனில் ஒருவருக்குத்தான் கிறிஸ்துமஸ் லீவு என்று சூப்பர்வைசர் சொன்ன அன்று, கூடத் தங்கியிருக்கும் எஸ்தர்கனிதான் சொன்னாள்: "ஒருத்தி போயி ஒருத்தி கெடக்காண்டாம்ட்டி. ரெண்டு பேருமே லீவு கேக்காண்டாம். ரூமையே ஜோடிப்போம்." இன்று காலை தலைவலி என்று வேலைக்கு வராமல் படுத்திருந்தவள், மாத்திரை வாங்கப் போயிருப்பாள். ஜெபராணி வெள்ளி ஜரிகையை எடுத்துக்கொண்டு துணிக்கொடியில் இடம் பார்க்கிறாள். கொடியில் கனியின் பக்கம் ஒரு துணியும் இல்லை, கிளிப்புகள் மட்டும் வரிசையாக நிற்கின்றன. கட்டிலுக்கடியில் அவள் பையும் இல்லை. காய்ந்த துணியை எடுக்க மாடிக்கு வந்த வீட்டுக்கார இந்திராணி வாசலில் நின்று எட்டிப் பார்க்கிறாள். "அந்தப் பொண்ணு மத்தியானமே பைய தூக்கிக்கினு ஊருக்குப் போயிடுச்சே. லீவு கெட்ச்சிடுச்சாம். உன்னாண்ட சொல்லலியா?"

"சொல்லிட்டுத்தான் போனா, அக்கா."

காலியான அந்தப் பாதிக் கொடியில் ஜரிகையை நீளமாக இழுத்துவிட்டு, முனையில் டையை மாட்டி இறுக்குகிறாள். முழுக்க இறுகிய பிறகும் இழுத்துக்கொண்டே இருக்கிறாள்.