கம்பத்தின் மேல் ஒரு பெட்டிசம்

"ஐயா, கொஞ்சம் கீழே இறங்குங்க! உங்க மேல பெட்டிசம் வந்திருக்கு!"

முப்பதடி இரும்புக் கம்பத்தின் உச்சியில் அன்டெனாவின் நட்டை முடுக்கிக்கொண்டிருந்த சுந்தரலிங்கம் குனிந்து பார்த்தார். வாசலில் பிரதேச சபை உத்தியோகத்தர் தரணிதரன், புகார் மனு செருகிய ஃபைலும் கையுமாக நின்றார்.

"மூணாவதா தம்பி?"

"மூணாவதுதான் ஐயா."

கம்பத்தில் பற்றவைத்திருந்த படிகளில் ஒவ்வொன்றாகக் கால் வைத்து இறங்கினார் சுந்தரலிங்கம். வயது அறுபத்தாறு. லிந்துலைக் கடையை மகனிடம் ஒப்படைத்த நாளிலிருந்து அவருக்கு ஹேம் ரேடியோதான் எல்லாம். முறையாகப் பரீட்சை எழுதி லைசன்ஸ் எடுத்தவர். காலையில் பதுளை, பின்னேரம் மதுரை, வானம் ஒத்துழைத்தால் ஜப்பான் என்று அந்தக் கம்பி வழியாக அவருக்கு ஊரெல்லாம் கூட்டாளிகள்.

"யாரு எழுதினது? காட்டுங்க பார்ப்போம்."

"காட்டக் கூடாது ஐயா. வாசிக்கிறேன், கேளுங்க. பேரில்லாத மொட்டைப் பெட்டிசம்."

தேநீரோடு வந்த அவருடைய மனைவி மனோரஞ்சிதம், "பேரைப் போட்டு எழுதத் தைரியமில்ல பாருங்க! என்ன ஜென்மமோ! சீனி போதுமா சேர்?" என்றார்.

தரணிதரன் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார். "'குறித்த கம்பத்தில் காற்று நேரத்திலும் ஆள் ஏறுவதால், ஸ்பேனர் போன்ற ஆயுதங்கள் கொழுந்து பறிக்கப் போகும் பெண்களின் தலையில் விழக்கூடும்.'"

"ஆயுதமா! இன்னைய வரைக்கும் நான் ஒரு நட்டைக்கூடக் கீழே விட்டதில்ல தம்பி!"

"எனக்குத் தெரியுது. ஆனா இது மூணாவது. கம்பத்தை இறக்கச் சொல்லிட்டு வான்னு செயலாளர் சொல்லிட்டாரு."

சுந்தரலிங்கத்தின் முகம் வாடிவிட்டது. வாசற்படியில் உட்கார்ந்தார்.

"போன வருச மழையில மண் சரிஞ்சு ரோடு அடைபட்டுச்சே, ஞாபகம் இருக்கா? போன் டவரெல்லாம் ரெண்டு நாள் செத்துக் கெடந்துச்சு. தோட்டத்து மேல் லயத்து வீட்டுல ஒரு புள்ளத்தாச்சி வலியில துடிக்கிறான்னு கண்டிக்குச் சேதி போனது இந்தக் கம்பி வழியாத்தான். இதை இறக்கிட்டு நான் என்ன செய்ய? கூரையைப் பாத்துக்கிட்டு உக்காரவா?"

தரணிதரனுக்குச் சங்கடமாக இருந்தது. பெட்டிசத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"பொறுங்க ஐயா. பின்பக்கம் இன்னொரு பந்தி இருக்கு. 'அல்லது, கம்பத்தின் அடியில் கீல் பொருத்தி, தரையில் சாய்த்து வைத்தே வேலை பார்க்குமாறு உத்தரவிடலாம்.'"

"அட! பதுளைக் கூட்டாளி ரேடியோவுல ரெண்டு மாசமா இதைத்தான் சொல்றாரு. எனக்கு எதுக்கய்யா கீலு, கால் இருக்குன்னு சொல்லிட்டேன்." சுந்தரலிங்கம் சட்டென்று எழுந்தார். "இந்தப் பக்கத்துல கீல் வேலை தெரிஞ்சவன் ஒருத்தன்தான். டேய் வீரய்யா!"

வேலிக்கு அப்பால் கோஸ் பாத்தியில் நின்ற வீரய்யா நிமிர்ந்தார். தோட்டத்து ஃபெக்டரியில் முப்பது வருடம் ஃபிட்டராக இருந்தவர்.

"பெட்டிசம் நீதானே எழுதினே?"

"நானா? ஏன் மொதலாளி, ஒங்க ரேடியோவால என் டி.வி. நாடகம் கோடு கோடா வந்தப்ப வாசல்ல வந்து கத்தினேனா இல்லையா?"

"கத்தினே."

"கெட்ட வார்த்தை சொன்னேனா இல்லையா?"

"சொன்னே."

"பொறவு நான் எதுக்கு ஒளிஞ்சு எழுதணும்?"

தரணிதரன் சிரிப்பை அடக்கிக்கொண்டு மனோரஞ்சிதத்தின் பக்கம் திரும்பினார். "அம்மா, வீட்டுல உங்களுக்கு ஏதும் ஆட்சேபணை இருக்கா?"

சுந்தரலிங்கமே பதில் சொன்னார். "அவளா? கல்யாணமாகி நாப்பது வருசம் தம்பி. ஒரு வார்த்தை குறுக்கே சொன்னதில்ல. சொன்னாலும் நான் கேக்கமாட்டேன்னு அவளுக்குத் தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டு ஏன் சொல்லணும்?" என்று மனோரஞ்சிதம் வெறும் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

தரணிதரன் பேனாவைத் திறந்தார். "நான் இப்படி எழுதுறேன் ஐயா. ஒரு மாசத்துக்குள்ள கீல் போடணும். இன்னையிலிருந்து யாரும் மேலே ஏறக் கூடாது. ஏறினதாத் தெரிஞ்சா கம்பத்தைக் கழட்டிருவோம். சம்மதமா?"

சுந்தரலிங்கம் உச்சியை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

"சர்க்கார் உத்தரவு. மீறவா முடியும்? குடுங்க, கையெழுத்துப் போடுறேன்."

"வெல்டிங்கை நான் பாத்துக்கிறேன் மொதலாளி" என்றார் வீரய்யா வேலிக்கு மேலாக. "ஆனா நாடக நேரத்துல ஜப்பானோட பேசக் கூடாது!"

சனிக்கிழமை நாலு பேர் கயிறு பிடிக்க, கம்பம் புதுக் கீலில் முனகிக்கொண்டே தரைக்கு வந்தது. சுந்தரலிங்கம் அதன் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, "இது எவ்வளவு வசதி தெரியுமா! எனக்கு முந்தியே தோணாமப் போச்சே!" என்று வீரய்யாவிடம் அளந்துகொண்டிருந்தார்.

அந்தப் பேச்சு அடுப்படி வரைக்கும் கேட்டது. மனோரஞ்சிதம் கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, 'ஐயா, நடவடிக்கை எடுத்தமைக்கு மிக்க நன்றி. என் வீட்டுக்காரர் இனி மேலே ஏற மாட்டார்' என்று எழுதினார். எழுதியதை ஒரு தடவை வாசித்துப் பார்த்தார். 'என் வீட்டுக்காரர்' என்பதை அடித்துவிட்டு 'மேற்படி நபர்' என்று திருத்தி, அடியில் முடித்தார்: 'இப்படிக்கு, பொதுமக்கள்.'