நான்காவது கையெழுத்து

தாய்ப்பால் ஆலோசகரின் கையெழுத்து இல்லாமல் எந்தக் கடையிலும் குழந்தைக்குப் பால்மாவு வாங்க முடியாது. ஓர் ஆலோசகர் மாதத்துக்கு மூன்று கையெழுத்துதான் போடலாம். ஹெப்சிபா மூன்றையும் இருபதாம் தேதிக்குள் போட்டுவிட்டாள். நான்காவது போட்டால் வேலை போய்விடும்.

இருபத்திரண்டாம் தேதி இசக்கியம்மாள் கெஞ்சினாள்.

"எனக்குப் பாலே ஊறலக்கா. பிள்ள விடாம அழுதுகிட்டே இருக்கான். ஒரு டப்பாவுக்கு எழுதிக் குடுங்க."

மார்பைத் தொட்டுப் பார்த்ததுமே அது உண்மை என்று ஹெப்சிபாவுக்குத் தெரிந்துவிட்டது. இருந்தும் குழந்தையைப் பிடிக்கும் விதத்தை மட்டும் சரிசெய்தாள்.

"ஊறும்மா. விடாம குடு. ஒண்ணாம் தேதி வாரேன்."

ஒன்றாம் தேதி காலையில் இசக்கியம்மாள் சிரித்த முகத்தோடு கதவைத் திறந்தாள்.

"நீங்க சொன்னது சரிதான்க்கா. ரெண்டு நாளா அழுகையே இல்ல. வயிறு நெறஞ்சு நல்லா தூங்குதான்."

ஹெப்சிபா தொட்டிலுக்குள் குனிந்து குழந்தையின் உள்ளங்காலைச் சுண்டினாள். அவன் வாயைத் திறந்தான். அழுவதற்குத் தெம்பில்லை.

ஆம்புலன்ஸுக்குப் பேசினாள். காப்பி போட அடுப்படிக்குப் போயிருந்த இசக்கியம்மாள் எட்டிப் பார்த்துக் கேட்டாள்.

"யாருக்குக்கா ஆம்புலன்ஸ்?"