கல்யாண நாள் எலி

லாரி ஓட்டும் கை, கம்பளி பின்னும் குரோஷே ஊசியைப் பிடிக்கப் படாதபாடு பட்டது. ஆனாலும் அவர் விடுவதாக இல்லை. நாளை கல்யாண நாள். மனைவிக்குத் தன் கையாலேயே ஒரு கம்பளி எலி!

குளியலறைக்குள் உட்கார்ந்துகொண்டு, கதவுக்கு வெளியே இருந்த அவளுடைய கம்பளிக் கூடையிலிருந்து நூலை இழுத்து இழுத்துப் பின்னினார். கூடையை நகர்த்தினால் கண்டுபிடித்துவிடுவாள். மூடி இடுக்கில் நீட்டிக்கொண்டிருந்த நுனியே போதும்.

நூல்தான் ஏனோ நூடுல்ஸ் மாதிரி சுருள் சுருளாக வந்தது. 'எந்தக் கடையில வாங்கினாளோ!'

"உள்ள என்னங்க பண்றீங்க?"

"வயித்து வலிம்மா!"

வாலை முடித்து, நூலை வெட்டி, முடிச்சுப் போட்டார். அச்சு அசல் எலி! அவருக்குத் தலைகால் புரியவில்லை.

வெளியே அலறல். எலியை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு ஓடிவந்தார்.

கூடை நிறையப் பஞ்சு. மனைவியின் கையில் சாம்பல் நிறத்தில் ஒரு குட்டித் தும்பிக்கை.

"உங்களுக்குத் தெரியாம இந்தக் கூடைக்குள்ள யானை பொம்மை பின்னி வெச்சிருந்தேங்க! தும்பிக்கையில ஆரம்பிச்சு வால் வரைக்கும் வந்தாச்சு, கடைசி முடிச்சுதான் பாக்கி. இப்பப் பாருங்க, தும்பிக்கைதான் மிச்சம்! நம்ம வீட்டுல எலி இருக்குங்க!"

"இருக்கும்மா" என்று கையை முன்னால் நீட்டினார்.