துடைத்துப் போட்ட நாற்காலி

முப்பது வரை எண்ணி முடித்த எழில்மதி, தெய்வசிகாமணியின் மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயோடு வாய் வைத்து ஊதினாள்.

பக்கத்தில் நின்ற பெரியநாயகி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். புருஷன் சாகக் கிடக்கும்போதும் இந்த அம்மாளுக்கு வெட்கம் விடவில்லையே என்று எழில்மதிக்கு எரிச்சலாக வந்தது.

மறுபடி நெஞ்சில் கை. ஒன்று, இரண்டு, மூன்று.

மாட்டுக்கொட்டகையின் மண்தரை. அவள் ஸ்கூட்டரில் வந்து இறங்கியபோது, மனிதர் இங்கேதான் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மேலெல்லாம் வேர்வை. ஒரு காலில் மட்டும் செருப்பு. அவளை நிமிர்ந்து பார்த்தார், ஏதோ சொல்ல வாயெடுத்தார், அப்படியே சாய்ந்துவிட்டார். கட்டில் தொய்கிறது என்று அவர் மகன் பிரவீன்குமாரை அதட்டி, இருவருமாகத் தரையில் இறக்கிப் போட்டார்கள்.

இந்தக் கொட்டகை அவளுக்குப் புதிதில்லை. அவள் அம்மா காசியம்மாள் இருபது வருஷம் இங்கே சாணி வாரியவள். ஆனால் இவ்வளவு சுத்தமாக அவள் இதைப் பார்த்ததே இல்லை. பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்தார்கள். வீட்டிலிருந்து ஒயர் இழுத்து ஒரு டேபிள் ஃபேன். அவளுக்கென்று ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி, துடைத்த ஈரம்கூடக் காயாமல். அதன்மேல் பேப்பர் கப்பில் டீ.

நெஞ்சுவலிக்காரரை வைத்துக்கொண்டு விருந்தாளிக்கு டீ போடுகிற ஜனம். பதினொன்று, பன்னிரண்டு.

ஹவுஸ் சர்ஜன் முடித்து ஊருக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. அரசு வேலைக்கான தேர்வுக்குப் படிப்பதாகப் பேர். வடக்கனந்தல் பஸ்ஸில் ஏறினால் போதும், "பல்லு டாக்டரா, கண்ணு டாக்டரா?" என்பார்கள். எம்.பி.பி.எஸ். என்றால், "அப்ப இன்னும் படிக்கணுமா?" என்று உச்சுக் கொட்டுவார்கள். ஊசி போடாவிட்டால் அவள் டாக்டரே இல்லை. மெடிக்கல் கடையில் பொட்டலம் கட்டுகிறவன் சொன்னால் வேதவாக்கு.

இன்றும் அதேதான். காலை ஏழு மணிக்கு வலி வந்திருக்கிறது. வாயு என்று சோடா கொடுத்திருக்கிறார்கள். பிறகு ஓமத்தண்ணீர். வீட்டுக் கார் உளுந்தூர்ப்பேட்டைக்குக் கல்யாணத்துக்குப் போய்விட்டது. 108க்குப் போன் போட்டால், வண்டி பிரசவக் கேஸுக்காகக் கல்வராயன் மலைமேல் ஏறியிருக்கிறது, இறங்கி வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார்களாம். கடைசியில்தான் காசியம்மா மகள் ஞாபகத்துக்கு வந்திருக்கிறாள்.

எட்டரை மணிக்குப் போனில் பிரவீன்குமாரின் குரலில் புதிதாக 'ங்க' ஒட்டிக்கொண்டிருந்தது. "அப்பாவுக்கு நெஞ்ச அடைக்குதுங்க. உள்ரூம்ல கட்டில்ல படுத்துக்கினு இருக்காருங்க. இன்னா பண்றதுன்னே தெரியல."

"எழுப்பாதீங்க. ஒரு அடி நடக்க விடாதீங்க. பாத்ரூம் போகணும்னாலும் கட்டில்லயே போகட்டும்" என்றாள். நடக்கவே கூடாது என்பதை மட்டும் மூன்று முறை சொன்னாள். நானே வந்துடறேன் என்று சொல்லிவிட்டு மாத்திரைகளை அள்ளிக்கொண்டு கிளம்பினாள்.

காலனியிலிருந்து ஊர்த்தெருவுக்கு நான்கு நிமிஷம்கூட ஆகாது. பெட்ரோல் போட வேண்டியிருந்ததால் பத்து நிமிஷம் ஆயிற்று. அதற்குள் இவர் எழுந்து மாட்டைப் பார்க்க வந்துவிட்டார். மாடு முக்கியம், டாக்டர் சொன்னது முக்கியமில்லை. இவர்களுக்கெல்லாம் படித்துப் படித்துச் சொல்லி என்ன பிரயோஜனம்?

இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது. ஊதினாள். நெஞ்சு ஏறி இறங்கியது, அவள் காற்றில். அவர் காற்று வரவே இல்லை.

108 வந்தது. அவர்களும் இயந்திரத்தை ஒட்டிப் பார்த்தார்கள். கோடு நேராக ஓடியது. வந்தவர் அவளைப் பார்த்து மெதுவாகத் தலையை ஆட்டினார்.

எழில்மதி எழுந்தாள். மணிக்கட்டு இரண்டும் கடுத்தன. பெரியநாயகி தலையிலடித்துக்கொண்டு அழுதாள். பிரவீன்குமார் தூணைப் பிடித்தபடி செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கேட்காமலே போயிருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை.

"உள்ளதான படுத்திருந்தாரு? நடக்க விடாதீங்கன்னு அத்தினி முறை சொன்னேனே, மாட்டுக்கு இப்ப இன்னா அவசரம்?"

பெரியநாயகிதான் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு பதில் சொன்னாள். குரலில் கோபமில்லை, குத்தலுமில்லை. சின்னப் பிள்ளைக்கு எடுத்துச் சொல்வதுபோல் சொன்னாள்.

"மாட்டப் பாக்க எங்கம்மா வந்தாரு? நீ வர்றேன்னு சொல்லிட்டியே. உள்ள எப்படிம்மா உன்ன வுட முடியும்? நாங்க கட்டில கொட்டாயில போட்டு, கூட்டி, சேரெல்லாம் எடுத்து வெச்சோம். அவுரே எழுந்து, ரெண்டு எடத்துல நின்னு நின்னு நடந்து வந்தாரு பாவம்."

எழில்மதி கொட்டகைக்கு வெளியே பார்த்தாள்.

வீட்டுப் பின்வாசலிலிருந்து இங்கே வரைக்கும் நாற்பது அடி இருக்கும். நடுவில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், இன்னொரு செருப்பு கிடந்தது.

காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது. ஆனால் வாயில் அந்த மனிதரின் ஓமவாடை இன்னும் இருந்தது.

நடக்கக் கூடாது என்று மூன்று முறை சொல்லியிருந்தாள். நானே வந்துடறேன் என்று ஒரே ஒரு முறைதான் சொன்னாள்.