லிஃப்ட்டில் ஒரு மீசை

"நீங்களா ஒத்துக்கிட்டா மரியாதையா முடிஞ்சிடும்மா. லிஃப்ட்ல கேமரா இருக்கு, தெரியும்ல?"

குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் இப்படி ஆரம்பித்ததும், கார் நிறுத்துமிடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் நாலாவது மாடிக்காரியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவளைப் பார்க்காமல் இருப்பதும் கஷ்டம்தான். சட்டையில் ஆறு பொத்தான், ஆறும் ஆறு நிறம். இடது காலில் சிவப்புச் செருப்பு, வலது காலில் பச்சை. வயதோ நாற்பத்தேழு. கடைகளின் கண்ணாடி ஜன்னலுக்கு அட்டையில் யானை, ரயில் எல்லாம் செய்து கொடுக்கிற வேலை. வேலை முடிந்தாலும் விளையாட்டு முடிவதில்லை என்பது அக்கம்பக்கத்தின் குறை.

குற்றம் இதுதான். பத்து நாளாக லிஃப்ட் கண்ணாடியில் தினம் ஒரு காகித மீசை ஒட்டியிருந்தது. கொஞ்சம் குனிந்தோ எக்கியோ நின்றால் போதும், யாரானாலும் மீசைக்காரர்தான். ஒரு நாள் முறுக்கு மீசை, ஒரு நாள் அரும்பு மீசை, ஒரு நாள் துடைப்பம் மாதிரி ஒன்று. செயலாளர் தினமும் பிய்த்து எறிவார், மறுநாள் முளைத்துவிடும். பிய்ப்பதற்கு முன்னால் அவர் எதற்காக மேலும் கீழுமாக இரண்டு தடவை போய்வருகிறார் என்று மட்டும் யாரும் கேட்டதில்லை.

அவள் குடியிருக்கிற வீட்டுக்குச் சொந்தக்காரியான ஐந்தாவது மாடி வக்கீலம்மா கறாராகச் சொல்லிவிட்டார். இவள் வேலைதான் என்று நிரூபணமானால் மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். பதினோரு வருஷம் இருந்த வீடு. கூடத்தில் நிற்கிற அட்டை ஒட்டகச்சிவிங்கியை வாசல் வழியே வெளியே கொண்டுபோகக்கூட முடியாது.

அவள் எழுந்தாள்.

"கேமராவை நானும் பார்த்தேன் சார். போட்டுப் பாருங்க. நான் ஒட்டுறது அதுல தெரிஞ்சா நாளைக்கே சாவியைக் கொடுத்துடறேன். ஆனா முதல் நாள்லேர்ந்து, எல்லார் முன்னாடியும், முழுசா போடணும்."

"முதல் நாளா? நேத்துதானே மாட்டினது?" செயலாளர் பொருளாளரைப் பார்த்தார்.

"எனக்கென்ன தெரியும்? நீங்க மாட்டினதுன்னுல்ல நெனச்சேன்," என்றார் பொருளாளர்.

"பத்து நாளா இருக்கு சார்," என்றாள் அவள். "மீசை வந்த அன்னிக்கே அதுவும் வந்துடுச்சு."

செயலாளரின் கை தானாக மேலுதட்டுக்குப் போனது. இரண்டாவது மாடிப் பல் டாக்டர் குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டினார். மூன்றாவது மாடிப் புதுமணத் தம்பதி ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவே இல்லை. வக்கீலம்மாவின் முகம் மட்டும் கல் மாதிரி இருந்தது. ஆனால் போன வியாழக்கிழமை, கறுப்புக் கோட்டோடு அவர் தனியாக ஏறிய லிஃப்ட்டுக்குள்ளிருந்து, "இவனைத் தூக்கிலிடுங்கள்" என்று ஒரு கர்ஜனை வந்ததை மாடிப்படி பெருக்குகிற அம்மாள் ஏற்கெனவே நாலு வீட்டில் சொல்லியாகிவிட்டது.

தரைத்தளத்தில் குடியிருப்பதால் லிஃப்ட்டில் ஏறவே ஏறாத பொருளாளர்தான் உற்சாகமாக இருந்தார். கட்டடம் கட்டினவர்தான் மாட்டியிருப்பார், பதிவு அவரிடம் இருக்கும், இப்போதே கூப்பிடுகிறேன் என்று போனை எடுத்தார்.

"வைங்க அதை." வக்கீலம்மா பாய்ந்து பிடுங்காத குறை. "மனுஷங்களுக்கு அந்தரங்கம்னு ஒண்ணு இருக்குல்ல? சட்டப்படி லிஃப்ட் பொது. கண்ணாடியும் பொது. அதனால மீசையும் பொதுதான்."

"நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்," என்றார் செயலாளர்.

ஐந்தே நிமிஷத்தில் தீர்மானம் எழுதப்பட்டது. மீசையை இனி யாரும் பிய்க்கக் கூடாது, கேமராப் பதிவை யாரும் கேட்கக் கூடாது, நாலாவது மாடிக்காரி எப்போதும்போல் குடியிருக்கலாம். முதல் கையெழுத்து செயலாளருடையது. வக்கீலம்மா கையெழுத்துப் போட்டுவிட்டு, போகிறபோக்கில் அவள் காதோரம் குனிந்தார்.

"நாளைக்கு நுனி மட்டும் கொஞ்சம் மேல வளைஞ்சாப்ல கிடைக்குமா?"

மறுநாள் காலை, அவள் ஸ்டூலோடு லிஃப்ட்டுக்குள் நுழைந்தாள். நுனி வளைந்த மீசையைக் கண்ணாடியில் ஒட்டி, தன் முகத்தை அதற்குப் பின்னால் பொருத்தி, ஒரு தடவை முறுக்கி விட்டுக்கொண்டாள். பிறகு ஸ்டூலில் ஏறி, கூரை மூலையிலிருந்த கேமராவைப் பார்த்தாள். நல்லவேளை, நேற்று யாரும் அண்ணாந்து உற்றுப் பார்க்கவில்லை. கறுப்பு மை பூசிய சோப்புப் பெட்டியிலிருந்து கழன்று தொங்கிய இருமல் மருந்து மூடியை, ஒரு சொட்டுப் பசை வைத்து, மறுபடியும் நேராக ஒட்டினாள்.