இருநூற்றில் நிற்கும் மீட்டர்

உச்சி வெயிலில் கூரைமேல் சோலார் பேனல்கள் கண்ணைப் பறிக்கின்றன. மின்கம்பி எட்டாத அந்த வீட்டின் கூடத்தில், மாமனார் முதுகு வளையாமல், பேனல் தரும் வாட்டைக் காட்டும் மீட்டர்முன் நிற்கிறார். பகலில் இந்தக் கூடத்திலேயே இரண்டு தையல் மிஷின் ஓட மின்சாரம் தருவதாகப் பக்கத்து வீட்டுத் தையல்காரிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். அவரை நம்பி அவள் வாடகைக் கடையையே காலி செய்துவிட்டாள். ஆயிரம் வாட் பேனல்கள், மீட்டரோ இருநூற்றைத் தாண்டவில்லை. "என் வாக்கு போச்சும்மா." "பேட்டரி நிறைஞ்சிருச்சு மாமா. கேக்க ஆளில்லேன்னா பேனல் எதுக்குத் தரும்?" என்றபடி மருமகள் இஸ்திரிப் பெட்டியைப் போடுகிறாள். அதன் சின்ன விளக்கு சிவக்கிறது. எண்கள் நானூறு, எழுநூறு என ஏறித் தொள்ளாயிரத்தில் நிற்கின்றன, பேட்டரி இறங்கவில்லை. வெந்நீர் கெட்டிலையும் போட்டதும் பேட்டரி இறங்கத் தொடங்குகிறது. சட்டென்று இரண்டையும் அணைக்கிறாள். "இதான் எல்லை. எழுநூறு வாட் இத்தனை நாளா சும்மா கிடந்திருக்கு. மூணு மிஷின்கூட ஓடும்." "மேகம் மூடினா?" "அப்போ கையால பட்டன் தைக்கட்டும்." மாமனாருக்கு மீசைக்குள் சிரிப்பு வருகிறது. யாரையும் நேரில் பாராட்டிப் பழகாதவர், அவள் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலுக்குப் போய், தெருவுக்கே கேட்கும்படி குரலை உயர்த்துகிறார். "மிஷினைத் தூக்கிட்டு வாம்மா! எங்க வீட்டு மருமகளே கணக்குப் பார்த்துச் சொல்லிட்டா!"