மூடிய பிறகும் நிற்கும் நிழல்

கம்ப்யூட்டர் திரையில் விண்டோவை மூடிய பிறகும் அதன் நிழல் மட்டும் அங்கேயே நிற்கிறது என்று புகார் வந்திருந்தது. நிழல் வரையும் அந்த நிரலை எழுதியவன் ஜெபசீலன். ஜூனில் அவன் இறந்தபின், அவன் எழுதியதையெல்லாம் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அதே அலுவலகத்தில் இருந்த அவன் மனைவி எப்சிபாவுக்கு வந்தது.

அந்த நிழல் நிரலை எழுதிய வாரம், சாப்பாட்டு மேசை விளக்கின் கீழே அவளைக் கை நீட்டச் சொல்லியிருந்தான். "அசைக்காத எப்சி. நிழல் ஓரத்துல எப்படிக் கரையுதுன்னு பாக்கணும்." ரசம் ஆறிப்போகும்வரை பார்த்தான். அவள் கைநிழலின் அந்த மென்மையைத்தான் எண்களாக்கி ஒவ்வொரு விண்டோவுக்கும் அடியில் விரித்தான்.

பக்கத்து இருக்கை கதிரேசன் எட்டிப் பார்த்தான். "ஒரு வரிதானேக்கா. விண்டோ போனதும் நிழலையும் அழிக்கச் சொல்லிட்டா முடிஞ்சுது."

"ம்," என்றாள். அந்த வரியைக் காலையிலேயே எழுதி வைத்திருந்தாள்.

அவன் தண்ணீர் பிடிக்கப் போனதும் அவள் ஒரு விண்டோவைத் திறந்து மூடினாள். வெறும் திரையில் நிழல் நின்றது. அதன்மேல் இடது உள்ளங்கையை வைத்தாள். அந்தக் கையை எடுக்காமலே, காலையில் எழுதிய வரியை வலது கையால் நீக்கிவிட்டு, புகாருக்குப் பதில் தட்டினாள்: 'சோதித்துப் பார்த்தேன். மூடிய பிறகு என் கம்ப்யூட்டரில் எதுவும் மிஞ்சவில்லை.'